தகட்டில் மூன்றாவது இடம்

தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தகடு வளைக்கிற மிஷின் ஒன்றைப் போட்டேன். ஆள் உள்ளே நின்றால் தகடு வெளியே நிற்கும், தகடு உள்ளே வந்தால் ஆள் வெளியே போகவேண்டும். அந்த அறையிலிருந்து செம்பூரில் இரண்டு மாடிப் பட்டறை கட்டினேன். அறுபது பேரைச் சேர்த்தேன், அதில் நாற்பது பேர் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். இந்தியில் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தாதரில் இறங்கியவன், பத்து வருஷத்தில் இந்திக்காரனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் எந்தப் பைப்பையும் ஒரு கயிற்றைச் சுற்றி அளந்து, இதற்கு இத்தனை தகடு என்று இன்ஜினியர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன். பட்டறைக்குள் வெள்ளம் இடுப்பளவு நின்ற வருஷம்கூட மறுவாரமே வேலையை ஆரம்பித்தேன். பம்பாயில் எவன் வேண்டுமானாலும் மனுஷனுக்குச் சட்டை தைப்பான். பைப்புக்குச் சட்டை போட்டவன் நான்.

சட்டை என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செம்பூர்ப் பக்கம் அரசாங்கத்து எண்ணெய்க் கம்பெனி ஒன்று உண்டு. அங்கே கறுப்பு எண்ணெயைச் சூடாக வைத்திருந்தால்தான் அது பைப்பில் ஓடும், ஆறினால் களி மாதிரி நின்றுவிடும். அதனால் பைப்பைச் சுற்றிக் கல்லை உருக்கி நூற்ற பஞ்சை வைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி மூடுவோம். பைப் வளைகிற இடத்தில் தகட்டை மீன் செதில் மாதிரி வெட்டி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றவேண்டும். அதில் என்னை அடிக்க அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. இன்றைக்கும் இருக்கிறானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இவ்வளவையும் நான் கட்டினேன். என் பெயருக்கு நானே பயப்படவேண்டும் என்று கற்றுக்கொடுத்தது மட்டும் வேறொருத்தி. அந்தக் கம்பெனியில் வேலையைச் சோதித்துப் பார்க்கிற ஆபீஸர். மாதுங்காக்காரி. ஐந்தடி உயரம் இருந்தால் அதிகம். அவர் பெயரை இங்கே நான் போடவில்லை. போடலாமா என்று போன் செய்து கேட்டேன். "என் பேர் எங்க இருக்கணுமோ அங்க இருக்கு, அண்ணாச்சி. பத்திரிகைல எதுக்கு?" என்றார். எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல்நாள் அவரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பிளை அளவில் செய்த ஹெல்மெட் காதுவரை இறங்கியிருந்தது. ஒரு கையில் நோட்டு. இன்னொரு கையில், வீட்டில் குளிக்கிற பிளாஸ்டிக் மக்கு. நாங்கள் முடித்த பைப்பின் கீழே வந்து நின்றார், ஏணியைக் கேட்டார், ஏறினார், மக்கில் இருந்த தண்ணீரைத் தகட்டின் மடிப்பில் மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டு அப்படியே ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். கீழே நாங்கள் எட்டுப் பேர் வாய் பார்த்து நிற்கிறோம்.

என் மேஸ்திரி செல்லத்துரை, சுனாபட்டியிலிருந்து வருகிறவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். "அண்ணாச்சி, அந்தம்மா அபிஷேகம் பண்ணுதாவ. தேங்கா பழம் வாங்கியாரட்டா?" என்றான்.

மேலே இருந்து குரல் வந்தது. தமிழ்தான். "தேங்காய் வேண்டாம். ஸ்குரூ டிரைவர் கொண்டு வாங்கோ. இதைத் திறக்கணும்."

எங்களுக்கு அதுவரை அவர் தமிழ் என்றே தெரியாது. செல்லத்துரை பைப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

திறந்தோம். பஞ்சு நனைந்திருந்தது. தகட்டின் மடிப்பை நாங்கள் மேலே பார்த்து வைத்திருந்தோம். அப்படி வைத்தால் நின்றபடி ஸ்குரூ போடலாம், வேலை சீக்கிரம் முடியும். மடிப்பு பக்கவாட்டில், வாய் கீழே பார்த்து இருந்தால்தான் மழைத்தண்ணீர் வழிந்து போகும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"யார் செஞ்சது இது?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான் மேடம்."

"நம்ம ஆளுங்கன்னு ஒருத்தர் இல்லையே. பேர் சொல்லுங்கோ."

அவருடைய குணம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். பிறகு பதினோரு வருஷம் பழகினேன், வேறு குணம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. யாராவது "பார்த்தாச்சு மேடம்" என்றால் "யார் கண்ணால?" என்பார். "ஆபீஸில் முடிவு பண்ணியாச்சு" என்றால் "ஆபீஸ்ல எந்த நாற்காலி?" என்பார். ஒருமுறை கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தது. எல்லோரும் சமையல்காரனைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் "கூரைல ஓட்டை இருக்குன்னு போன மாசம் எழுதிக் கொடுத்தேன், அதை யார் வாங்கி வெச்சா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்குக் கவலையே இல்லை. தினமும் தயிர்சாதம், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். கான்ட்ராக்டர் டீயைக் குடிக்கமாட்டார். தீபாவளிக்கு மாதுங்கா வீட்டுக்கு ஸ்வீட் பெட்டி கொண்டுபோனேன். வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய் அவர் வீட்டு முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, என் பெட்டியையும் அதன் மேலேயே வைத்துத் திருப்பி அனுப்பினார். முறுக்கு நன்றாக இருந்தது. எனக்குக் கோபம் ஒரு வாரம் ஆறவில்லை.

தினமும் பெயர் கேட்டால் என்ன செய்வது? யோசனை ஓடியது. பட்டறையில் வெட்டி விழுகிற அலுமினியத் துண்டுகள் நிறைய. அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை வெட்டி, எழுத்து அடிக்கிற உளியால் என் பெயரைக் கொட்டை எழுத்தில் அடித்து, முடித்த ஒவ்வொரு பைப்பிலும் ரிவெட் போட்டு அறைந்தேன். அவருக்கு வாயடைக்கவேண்டும் என்றுதான். இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். அவ்வளவு பெரிய கம்பெனிக்குள் என் பெயர் பைப் பைப்பாக மின்னுவதைப் பார்க்க எனக்கு ஆசை.

அவர் வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரொம்ப நன்னா இருக்கு. பேருக்குக் கீழ ரெண்டு வரி காலி விடுங்கோ."

"எதுக்கு மேடம்?"

"செஞ்சவர் பேர் நீங்க. அதுக்குக் கீழ பார்த்தவர் பேர், அது நான். அதுக்குக் கீழ..." என்று நிறுத்தினார். "அது இருக்கட்டும். இடம் விட்டு வைங்கோ."

இதை எல்லோரும் நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் கேட்டது அவர். தகடு கொண்டுவந்தது நான்.

அந்த மூன்றாவது வரி யாருக்கு என்று ஒருநாள் மத்தியானம் பைப்புக்கு அடியில் நிழலில் நிற்கும்போது கேட்டேன். நேராகப் பதில் சொல்லவில்லை. "இந்தப் பைப் எத்தனை வருஷம் இருக்கணும், அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார். என் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் என்னை அண்ணாச்சி என்று ஆக்கிவிட்டிருந்தார். மாதுங்கா வாயில் அது வேறு மாதிரி ஒலிக்கும்.

"முப்பது வருஷம் இருக்கலாம் மேடம்."

"ஜி.எம். எத்தனை வருஷம் இருப்பார்?"

"மூணு வருஷம். அப்புறம் மாத்திருவாங்க."

"அவருக்கு முன்னால இருந்தவர்?"

"அவரும் மூணு."

"அவ்வளவுதான். மூணு வருஷ மனுஷா முப்பது வருஷப் பைப்பைப் பார்த்துக்கறா. ஒவ்வொருத்தரும் வந்து, என் காலத்துல நிறுத்த வேண்டாம், என் காலத்துல திறக்க வேண்டாம், அடுத்தவர் பார்த்துப்பார்ங்கறா. தனியார்னா முதலாளி வந்து கத்துவார். இது ஜனங்களோட கம்பெனி. ஜனங்க வந்து ஏணில ஏறிப் பார்ப்பாளா? நாமதான் ஏறணும்."

நான் சரி சரி என்று தலையாட்டினேன். பெரிய ஆபீஸர்களைப் பற்றி அவர் பேசுகிறார், நமக்கென்ன என்று இருந்தேன்.

பிறகு என் முறை வந்தது.

கம்பெனியின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு லைன் ஓடும். சுவருக்கு இந்தப் பக்கம் நாலடியில் பைப், அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். டில்லியிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் அந்த லைன் பளபளவென்று இருக்கவேண்டும் என்று உத்தரவு. எங்கள் மேடம், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு வாரம் லீவில் இருந்தார். பன்னிரண்டு மீட்டர் பாக்கி இருக்கும்போது மழை முந்திக்கொண்டது. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் கொட்டியது. தார்ப்பாய் போடுவதற்குள் பைப்பில் சுற்றியிருந்த பஞ்சு முழுக்க நனைந்துவிட்டது.

"பிரிச்சுப் போட்டுட்டு புதுசு சுத்தணும், அண்ணாச்சி. நாலு நாளு ஆவும்" என்றான் செல்லத்துரை.

"நாலு நாளைக்கு அப்புறம் எதுக்குல? அவுக நாளைக்கழிச்சு வாராவ. பைப்பு சூடுதான? உள்ள தானா காஞ்சிரும். மூடு."

"காயாது அண்ணாச்சி. போறதுக்கு வழி இல்லாமப் போவும்."

"மூடுல, சொல்லுதேன்."

மூடினோம். மடிப்பை வாய் கீழே பார்த்து, சொட்டுத் தண்ணீர் புகாதபடி, அவ்வளவு அழகாக மூடினோம். புகாத தகடு, வெளியேயும் விடாது. பழக்கதோஷத்தில் ஒரு பையன் பெயர்த்தகட்டையும் எடுத்து நீட்டினான், நானே வாங்கி அறைந்தேன். ஈரத்தை மூடிவிட்டு மேலே என் பெயரை ரிவெட் அடித்த முட்டாள் இந்தப் பம்பாயில் என்னைத் தவிர எவனும் இருக்கமாட்டான். இதிலும் நான்தான் முதல்.

லீவு முடிந்து வந்தார். மக்கும் கையுமாக ஏறினார். ஊற்றினார், நின்றார். தண்ணீர் உள்ளே போகவில்லை. எப்படிப் போகும்? இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மூடறப்போ பஞ்சு காஞ்சிருந்ததா, அண்ணாச்சி?"

"சாம்பல் மாதிரி காஞ்சிருந்தது மேடம்."

நோட்டில் நான் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதிவிட்டு, "நான் பார்க்கலை. அதனால தகட்டுல உங்க பேர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இரண்டு மழைக்காலம் போனது. மூன்றாவது மழை முடிந்த சமயம் புது ஜி.எம். வந்திருந்தார். அந்தப் பின்பக்க லைனைத் திறந்து பார்க்கவேண்டும் என்று மேடம் எழுதிக் கேட்டார். முடியாது என்றார்கள். காகிதப்படி அந்த லைனில் குறையே இல்லை, பஞ்சு காய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறது, தகடு நன்றாக இருக்கிறது, இன்னும் நாலைந்து வருஷத்துக்குத் திறக்கவேண்டிய முறையே வரவில்லை. எதற்குத் திறக்கவேண்டும்? திறந்து பைப் தேய்ந்திருந்தால் லைனை நிறுத்தவேண்டி வரும். திறக்காதவரை அது நல்ல பைப். மேடம் மறுபடி எழுதினார். மறுபடி முடியாது என்றார்கள். மூன்றாவது தடவை எழுதினபோது, அவரை வேறு மாநிலத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று கேன்டீனில் பேச்சு வந்தது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் நான் மறுபடியும் சாம்பல் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும் போலிருக்கிறது.

நான் ஒருநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன். சும்மாதான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சுவரோரமாக அடுப்பு போட்டு இட்லி அவித்துத் தலைச்சுமைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பேச்சைக் கேட்டதும் பூவரசம் பூ மாதிரி மலர்ந்துவிட்டாள்.

"எந்தூரு அண்ணாச்சி நீங்க? உள்ள வேலை பாக்கியளா? ஒண்ணு கேக்கணும். மழை வெறிச்சா அந்தப் பைப்புல ஆவி வருதே, எங்க இட்லிக் கொப்பரை மாதிரி. அங்கயும் இட்லியா அவிக்கிய?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. காய்ந்த பஞ்சில் ஆவி வராது, தண்ணீர் புகாத மடிப்பிலும் ஆவி கசியும். மூன்று வருஷமாக என் பெயருக்குக் கீழே அந்தத் தண்ணீர் வெந்துகொண்டே இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இரும்பை எப்படித் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பைப் பிய்த்துக்கொண்டால் சூடான எண்ணெய், சுவரில் மழைத்தண்ணீர் போக விட்டிருக்கிற ஓட்டை வழியாக வந்து நேராக விழுகிற இடத்தில் அந்தப் பெண்ணின் அடுப்பு எரிகிறது. அவள் எனக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். தின்றேன். காசை வைத்துவிட்டு நடந்தேன்.

பட்டறைக்கு வந்து ஒரு தாளை எடுத்து, நடந்ததை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். செல்லத்துரை கதவை மறித்து நின்றான்.

"அண்ணாச்சி, வேண்டாம். நீங்களா போய்ச் சொன்னா, நம்மளக் கறுப்புப் பட்டியல்ல போட்டுருவான். அறுபது குடும்பம் இருக்கு."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் எத்தன குடும்பம் இருக்குன்னு எண்ணிப் பாத்தியால?"

"அந்தப் பைப்பு கம்பெனிக்காரன் பைப்பு. அவன் பாத்துக்கிடட்டும்."

"தகட்டுல எவன் பேரு இருக்குல?"

அவன் கதவை விட்டான். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் கையெழுத்துப் போடுதேன். மூடுனது என் கையும்தான்" என்றான். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று அவன் சொன்னபோது நான் மூடச் சொன்னேன், அதனால் இது என் தாள்.

ஜி.எம். அறையில் மீட்டிங் நடக்கும்போது போய் நின்றேன். மேடமும் இருந்தார். மேஜையில் அவருடைய மூன்றாவது மனு கிடந்தது. நான் என் தாளை அதன் மேலேயே வைத்தேன். தமிழில் எழுதியிருந்தேன், எனக்கு எழுதத் தெரிந்தது அதுதான்.

"யே க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார் ஜி.எம்.

மேடம் எடுத்து வாசித்தார். முதலில் தனக்குள். பிறகு அவருக்கு இந்தியில் சொன்னார், ஒரு வார்த்தையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை: ஈரப் பஞ்சை வைத்து மூடியது நான், காய்ந்திருந்தது என்று சொன்னது பொய், தகட்டில் உள்ள பெயர் என்னுடையது.

ஜி.எம். என்னைப் பார்த்தார். "இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? இனி இந்தக் கேட்டுக்குள் நீ வரமுடியாது."

"தெரியும் சாப். பைப்பைத் திறங்க, அப்புறம் கேட்டைச் சாத்துங்க" என்றேன். இந்தியில் அப்படிச் சொல்லத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் மேடத்தைப் பார்த்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாமே. ஒரு கான்ட்ராக்டர் பேச்சை வைத்துக்கொண்டு லைனைத் தொடவா?"

மேடம் பேனாவை எடுத்தார். என் தாளின் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு கோடு இழுத்தார். தாளை ஜி.எம். பக்கம் திருப்பினார்.

"செஞ்சவர் பேர் இருக்கு. பார்க்கணும்னு சொல்றவ பேர் இருக்கு. வேண்டாம், அடுத்த வருஷம் போதும்னு நீங்க முடிவு பண்றேள்னா அதையும் எழுதி இங்க உங்க பேரைப் போடுங்கோ, சார்."

இந்தியில்தான் சொன்னார். எனக்கு அது தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது வரி யாருக்கு என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது.

ஜி.எம். அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேண்டாம் என்று வாயால் சொல்ல அவருக்குப் பயமில்லை, எழுதிப் பெயர் போடத்தான் கை வரவில்லை. "சரி, திறந்து பாருங்கள்" என்றார். அந்தத் தாளில் அதையும் எழுதவில்லை. கோடு காலியாகவே நின்றது.

மறுநாள் காலையில் திறந்தோம். கடைசி வேலை என்று என் ஆட்களையே விட்டார்கள். தகட்டைக் கழற்றியதும் புளித்த வாடை. பஞ்சு டீத்தூள் சக்கை மாதிரிக் கறுத்து, பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. பைப்பின் அடிப்பக்கத்தில் செல்லத்துரை விரலால் சுரண்டினான். பொரித்த அப்பளம் மாதிரி இரும்பு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. "போதும், கையை எடுங்கோ!" என்று கத்தினார் மேடம். மீட்டரை வைத்துக் கனம் பார்த்தார்கள். இருக்கவேண்டியதில் கால்வாசியைத் துரு தின்றிருந்தது. அன்றைக்கே லைனை நிறுத்தினார்கள்.

அவர் அங்கேயே ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார். வேலை இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னவனுக்கு ஒரு வார்த்தை வேண்டாமா?

"அன்னிக்கு ஏன் பொய் சொன்னேள்?" என்றார்.

நான் குனிந்து, கீழே கிடந்த ரிவெட் ஒன்றைப் பொறுக்கினேன்.

"உங்க முகத்தைப் பார்த்தேன் அன்னிக்கு. பொய்னு தோணித்து. உடனே திறக்கச் சொல்லியிருக்கணும். உங்க பேர் மட்டும் இருக்கட்டும்னு சொல்லி நான் தப்பிச்சுண்டேன். தேங்காய் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் கொண்டு வாங்கோன்னு முதல் நாள் சொன்னவளுக்கு அன்னிக்கு வாய் வரலை." எழுந்தார். "அந்தத் தகடு எங்க? உளி இருக்கா?"

கழற்றிப் போட்டதிலிருந்து பெயர்த்தகட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சிமென்ட் கட்டையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, என் பெயருக்குக் கீழே காலியாக இருந்த வரியில் தன் பெயரை அடித்தார். பழக்கமில்லாத கை, எழுத்து ஏறியும் இறங்கியும் நிற்கிறது. இரண்டாவது எழுத்தில் கட்டைவிரலையும் சேர்த்து அடித்துக்கொண்டார். நிறுத்தவில்லை. நல்ல வேலை நூற்றுக்கணக்கில் செய்தோம், அதிலெல்லாம் அவர் பெயரை என் ஆட்கள்தான் அடித்தார்கள். அவர் தன் கையால் அடித்தது இந்த ஒன்றில் மட்டும்தான்.

அவர் பெயர் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது என்றாரே, இதுதான் அது.

என்னை இரண்டு வருஷம் கேட்டுக்குள் விடவில்லை. அதனால் செத்தா போனேன்? மீன் குளிர வைக்கிற கிடங்குகளில், மருந்து ஃபேக்டரிகளில் பைப்புக்குச் சட்டை போட்டேன். அறுபது பேரில் ஒருவனையும் ஊருக்கு அனுப்பவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது போனேன், மேடம் ரிட்டயர் ஆகும்வரை அவருடைய மக்குத் தண்ணீருக்கு என் தகடு ஒருநாளும் தோற்கவில்லை. அவரை எங்கும் மாற்றவில்லை. மாற்றுகிற தாளிலும் யாராவது பெயர் போடவேண்டுமே.

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்? போன மாதம் அந்தக் கம்பெனியில் ஒரு விழா. பழைய கான்ட்ராக்டர்களையும் கூப்பிட்டு மூன்றாவது வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள். மேடையில் பெரிய திரை. இன்னும் ஐம்பது வருஷம் இந்தக் கம்பெனி எப்படி நிலைத்து நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். நல்ல விஷயம், கை தட்டினேன். பிறகு புதுத் திட்டம் என்று ஒன்றைச் சொன்னார்கள். இனி ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளி உண்டாம். ஒவ்வொரு பைப்பிலும் ஒரு தகடு, போனை நீட்டினால் யார் செய்தது, யார் பார்த்தது என்று தெரியுமாம். வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்துக் கண்டுபிடித்த திட்டமாம். அரங்கமே தட்டியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மேடத்துக்குப் போன் போட்டுக் கொதித்தேன்.

"யார் பேர்ல வந்தா என்ன, வந்ததோல்லியோ?" என்றார். பிறகு "எத்தனை வரி இருக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ரெண்டு வரிதான் மேடம். செஞ்சவன், பார்த்தவன்."

"ம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை, என் முட்டிவலியை விசாரித்தார்.

அவர் பேசாவிட்டால் நான் பேசுகிறேன். கம்பெனியில் இப்போது இருக்கிற பெரியவர்களே, இதை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அந்தப் பழைய தகடு என் பட்டறையில், என் மேஜைக்கு எதிரே சுவரில் இருக்கிறது. அதைக் கேட்டால் தருகிறேன், உங்கள் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். வைத்தால், கீழே எழுதவேண்டியதை நான் சொல்கிறபடி எழுதவேண்டும். வேலை செய்கிறவன் பெயரைக் கேட்டது இன்னார் என்று அவர் பெயர். அதைத் தகட்டில் அடித்துக் கொண்டுவந்தது இன்னான் என்று என் பெயர். நான் செய்த நல்ல வேலைகளை விட்டுவிடுங்கள், அவை தாமாக நிற்கும். பின்பக்கச் சுவரோரம் பன்னிரண்டு மீட்டரை ஈரத்தோடு மூடியவனும் நான்தான், திறக்கச் சொல்லித் தாள் கொடுத்தவனும் நான்தான் என்று எழுதுங்கள். ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தகட்டில் மூன்றாவது வரி இன்னும் காலியாக இருக்கிறது. உளியும் சுத்தியலும் என்னிடம் உண்டு. பெயரை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.